ஓரத்தில் பென்சில்

முப்பத்தோரு வருடமாக நாளிதழ் வேலை. வெள்ளம், விபத்து, தேர்தல், எல்லாம் எழுதியாகிவிட்டது. என் பெயரில் வந்த எதற்கும் இதுவரை ஒரு திருத்தம்கூட வெளியானதில்லை. இதை வீட்டில் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்டவனிடம் ஆசிரியர் புதிய காதல் நாவல்களைக் கட்டாகத் தூக்கிக் கொடுத்தார்.

"வாரம் ஒரு விமர்சனம். உங்களை விட்டா ஆளில்லை."

ஆள் இருந்தார், பிரசவ விடுப்பில் இருந்தார். ஆனாலும் என் நெஞ்சு நிமிர்ந்தது. இந்தக் காலத்துக் காதலை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது புத்தகம் என் மனைவி கையில் இருந்தது. அவள் பென்சிலோடுதான் படிப்பாள். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் புரட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் பொடி எழுத்து.

'லிஃப்டில் மாட்டிக்கொண்டு நாலு பக்கம் அவள் கண்ணை வர்ணிக்கிறான். அவசர மணியை அழுத்தியிருக்கலாம்.'

இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது. எழுதவும் இல்லை. அப்படியே போட்டேன்.

நாற்பத்திரண்டு பாராட்டுக் கடிதங்கள்! அடுத்த வாரம் முதலாளிக்கும் காரியதரிசிக்கும் காதல். 'ஆறு மாதமாக இரண்டு பேரும் வேலையே செய்யவில்லை. கம்பெனி எப்படி ஓடுகிறது?' எழுபது கடிதங்கள். கட்டுரையோடு என் போட்டோவும் வர ஆரம்பித்தது. மாடி வீட்டுப் பல் டாக்டர் படியில் நின்று வழிவிட்டார். காப்பி அடித்ததும் புத்தகத்தை அதே பக்கத்தில், அதே கோணத்தில் திருப்பி வைப்பேன். நிருபன் தடயம் விடுவானா?

மூன்றாவது நாவலின் ஓரத்திலிருந்து எடுத்த வரியைக் கட்டம் கட்டியே போட்டேன்: 'படித்துக்கொண்டிருக்கும் மனைவியிடம் டீ கேட்பவன் எந்தக் கதையிலும் நாயகன் ஆகமாட்டான்.'

அந்த ஞாயிறு காலை.

"ஏம்மா, டீ இல்லையா?"

மனைவி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஃப்ரிட்ஜ் கதவுல ஒருத்தர் போட்டோவோட இருக்கார். அவரைக் கேளுங்க."

போய்ப் பார்த்தேன். என் கட்டுரை. கட்டம் கட்டிய வரி.

"அது நாவலைப் பத்தி எழுதினதும்மா!"

"அப்போ நம்ம வீட்டுக்குப் பொருந்தாதுன்னு ஒரு திருத்தம் போட்டுடுங்க."

"திருத்தமா? முப்பத்தோரு வருஷத்துல..."

"ஒண்ணுகூட வந்ததில்ல. தெரியும். எனக்குச் சர்க்கரை அரை ஸ்பூன்."

டீ போட்டேன். வாசலில் பல் டாக்டர்.

"ஏன் சார் இப்படி எழுதினீங்க? எங்க வீட்லயும் இப்ப நான்தான் டீ."

அடுத்த வாரம் 'துவைத்த துணியை மடிக்கும் கைதான் காதலிக்கும் கை' என்று எழுதினேன். மடித்தேன். டாக்டரும் மடித்தார். அதற்கடுத்த வாரத்து நாவலின் ஓரத்தில் இருந்தது: 'ஜன்னல் கம்பியில் தூசி இருந்தால் எந்தக் காதல் வசனமும் எடுபடாது.'

கதையைத் தேடிப் பார்த்தேன். முழுக்கக் கப்பலில் நடக்கிறது. கப்பலுக்கு ஏது ஜன்னல் கம்பி?

எனக்கா தெரியாது? மற்ற வரிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அதை மட்டும் விட்டுவிட்டேன். நூற்றுப் பத்துக் கடிதங்கள் வந்தன. ஆசிரியர் கை குலுக்கினார். வீட்டில் தூசி படிந்த ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். யாரிடம் வேலை காட்டுகிறாள்? என்னிடமா?

திங்கட்கிழமை அவள் குளிக்கப் போனதும் அடுத்த நாவலைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே பென்சில் எழுத்து:

'போன வாரம் ஜன்னல் விட்டுப்போச்சு. இந்த வாரம் சேர்த்துப் போட்டுடுங்க. துடைக்கிற துணி சிங்க்குக்குக் கீழ இருக்கு.'