மொட்டை மாடியில் ஒரு நாடு கடத்தல்

கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு மொட்டை மாடியில் ஒரு மூலை வேண்டும். சாய்வு நாற்காலி போட்டுக் காலை நீட்ட. அந்த மூலையில்தான் அவர் மனைவி கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டிருந்தாள். பக்கத்திலேயே சோம்பும் செண்டுப்பூவும் வேறு.

"சமைக்க வேண்டியதை எதுக்கும்மா வேடிக்கை பாக்கறே?"

"பூ இருந்தா நல்ல பூச்சி வரும். அவரைக்கொடியில மொய்ச்சுச் சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சியைத் தின்னுரும்."

"பூச்சிக்குப் பந்தி போட்டா பூச்சி ஒழியுமா? நல்ல கதை!"

விடுவாரா? பந்தயம் கட்டினார். அவரைப் பந்தலில் இடப்பக்கம் அவருக்கு, சோப்புத் தண்ணீரோடு. வலப்பக்கம் அவளுக்கு, பூக்களோடு. அவர் ஜெயித்தால் மூலை அவருக்கு. தோற்றால் ஆயுசுக்கும் அவர்தான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மறுவாரம் அவர் பக்கத்து இலைகளில் என்னவோ ஊர்ந்தது. கடிகார லென்ஸைக் கண்ணில் சொருகிக்கொண்டு குனிந்தார். அடேயப்பா! கருகருவென்று உடம்பு, முதுகெல்லாம் முள், ஆரஞ்சுப் புள்ளி, ஆறு கால். எத்தனையோ பல்சக்கரம் பார்த்த கண்ணுக்கே இது புதுசு. சோப்புத் தண்ணீரை ஊற்ற மனசு வரவில்லை. இவ்வளவு முரட்டுப் பூச்சி நமக்கு எதற்கு, அவள் கொடியைத் தின்னட்டுமே என்று தோன்றியது.

கடிகாரத் தூசி தட்டும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் கால் நோகாமல் ஏந்தி, வலப்பக்கம் குடியேற்றினார். தினமும் இதே வேலை; சோப்புத் தண்ணீர் மறந்தே போனது. நடுவில் ஒருநாள் துணி காயப்போட வந்தாள் அவள்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா, காத்து வாங்கறேன்."

"பிரஷ்ஷோடயா?"

"அது... ஈரமா இருந்துச்சு. காயவைக்கறேன்."

"நல்லா காயட்டும்" என்று கீழே இறங்கிப் போனாள்.

தீர்ப்பு நாள் வந்தது. அவர் பக்கம் இலைக்கு அடியெல்லாம் பச்சைப் பச்சையாக அசுவினி, தொட்டால் பிசுபிசுப்பு. அவள் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். சிவப்புப் பொறிவண்டுகள் ஹாயாக உலாவின.

"அத்தனை முள்ளுப் புழு இருந்துமா?" வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"அதெல்லாம் பொறிவண்டுக் குஞ்சுங்க. அசுவினின்னா அதுங்களுக்கு உசிரு."

"அடிப்பாவி! தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

"அவ்வளவு பாசமா தூக்கிட்டு வந்தீங்களே, எப்படிங்க தடுக்கறது?"

பூவாளியை அவர் கையில் திணித்தாள்.

"தண்ணி ஊத்திட்டு அந்தப் பிரஷ்ஷை எடுத்துட்டு வாங்க. ரோஜாவுக்கும் நாலு புழு வேணும்."