மிலிட்டரி நைனாவிடம் திட்டு வாங்கியவர்கள்

திருத்தணியில் மிலிட்டரி நைனாவிடம் திட்டு வாங்காத ஒருவர் இருந்தால், அவர் இன்னும் ரயிலை விட்டு இறங்கவில்லை என்று பொருள். தாலுகா ஆபீஸ் வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவர், திருப்பதி பஸ்ஸில் படியில் தொங்குகிறவர், மார்க்கெட்டில் தக்காளியை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறவர் என்று அவர் யாரையும் விட்டுவைத்ததில்லை. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் சூடேறி, இந்தியில் முடிப்பார். இந்தி வந்துவிட்டால் இனிக் கிளம்பலாம் என்று ஊருக்கே தெரியும்.

அவர் என் அம்மாவின் அப்பா. அம்மா 'நைனா' என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்களைப் பார்த்துத் தெருவும் கூப்பிட்டது. இருபது வருஷம் ராணுவத்தில் இருந்தவர் என்பதால் முன்னால் 'மிலிட்டரி' ஒட்டிக்கொண்டது. சொந்த ஊரான அம்மையார்குப்பத்தில் வீட்டார் தறியில் உட்காரச் சொன்னபோது, ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது என்று பதினெட்டு வயதில் ஓடிப்போய் ராணுவத்தில் சேர்ந்தவர். அவரைக் கொண்டுபோய் இமயமலையில் பனிக்குள் விட்டார்கள். அங்கே கால் எப்படி இருந்தது என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

ராணுவத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதையும் அவர் சொன்னதில்லை. அவர் சொல்லாததை நானே நிரப்பிக்கொண்டேன். ஏழாம் வகுப்பு சேர்ந்த புதிதில், எங்கள் நைனா வெறுங்கையால் மூன்று எதிரிகளைப் பிடித்தார் என்று தோழிகளிடம் சொல்லியிருந்தேன். அரைப் பரீட்சை வருவதற்குள் அது ஏழு எதிரிகள் ஆகிவிட்டது. விஷயம் தலைமை ஆசிரியை காதுக்குப் போய், குடியரசு தின விழாவில் பேச நைனாவையே அழைத்துவிட்டார்கள்.

நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இரண்டு மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தார். கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுக்கும் முன், எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்.

"தாத்தா, நீங்க எத்தினி பேரை சுட்டீங்க?"

"சுட்டதா? நான் யாரையும் சுடல பாப்பா. கழுதை ஓட்டிகினு இருந்தேன்."

மைக் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு இருபத்தைந்து நிமிஷம் ராணி என்ற கழுதையைப் பற்றிப் பேசினார். ராணி அவர் தொப்பியைத் தின்றது, மரப்பாலத்தைக் கண்டால் நின்றுவிடுவது, தெலுங்கில் கெஞ்சினால் மட்டும் நகர்வது, எல்லாம். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். தலைமை ஆசிரியை மட்டும் வேர்த்துப்போய், "ஐயா அவர்கள் மிகுந்த தன்னடக்கத்தோடு பேசினார்கள்" என்று சொல்லி முடித்துவைத்தார்.

அந்த வருஷம் முழுக்க வகுப்பில் என் பெயர் 'கழுதைப் பேத்தி'. வீட்டுக்கு வந்து அழுதேன்.

"வேற எதனா சொல்லி இருக்கக்கூடாதா நைனா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கோவேறு கழுதைன்னு சொல்லி இருக்கணும். இவங்க சாதா கழுதைன்னு நெனச்சிகினாங்க போலகீது."

ஊர் நம்பினால்தானே? அன்று சாயங்காலமே டீக்கடையில் ஒருவர் விளக்கம் கொடுத்துவிட்டார். "அதெல்லாம் ரகசிய வேலைப்பா. வெளிய சொல்லக்கூடாது. மிலிட்டரில கழுதைன்னா பீரங்கின்னு அர்த்தம்." நைனாவின் மரியாதை இரண்டு மடங்கானது.

ஆடிக் கிருத்திகை வந்தால் நைனாவைப் பிடிக்க முடியாது. மலைப் படியில் பாதி வழியில், கைத்தடியோடு காலை ஐந்து மணிக்கே போய் நின்றுவிடுவார். அந்த வேலைக்கு யாரும் அவரை நியமிக்கவில்லை. காவடிக்காரர்களை இடதுபக்கம் ஏற்றி, இறங்குகிறவர்களை வலதுபக்கம் தள்ளி, நடுவில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு நேராக இந்தியிலேயே ஆரம்பிப்பார். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் யாரிவர் என்று விசாரித்தார். அவருக்கும் திட்டு விழுந்தது. அப்புறம் கிருத்திகைதோறும் அவரே நைனாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு எண்பது தாண்டிய ஒரு கிருத்திகை. நான் சென்னையில் வேலையில் இருந்தேன். அம்மா கெஞ்சியதால் லீவு போட்டு வந்து அவருக்குக் காவலாக நின்றேன். பத்து மணி வெயில். மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், எங்களுக்கு நாலு படி மேலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். கூட வந்த புருஷன் "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டம் வட்டம் கட்டியது. ஆம்புலன்ஸ் மலையடிவாரத்தில். நடுவில் நூற்றுக்கணக்கான படியும் ஜனக்கடலும்.

"ஹட்டோ!" என்று, விலகச் சொல்லி இந்தியில் ஒரு சத்தம் போட்டார் நைனா. அரோகரா சத்தமே ஒரு நொடி நின்றது. பந்தலுக்குக் கட்டியிருந்த இரண்டு மூங்கிலை உருவச் சொன்னார். தன் வேட்டியை அவிழ்த்தார். உள்ளே இருந்தது முட்டி வரைக்கும் வருகிற பழைய காக்கி டவுசர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் வேட்டி மூங்கில்களில் இறுக முடிச்சு விழுந்து டோலியாகியிருந்தது. நாலு பேர் தூக்க, கூட்டம் பிளந்து வழிவிட, நைனா அந்த அம்மாளின் தலைமாட்டுப் பக்கம் படி படியாக இறங்கினார். பின்னால் அவர் கைத்தடியோடு நான்.

"யம்மா, பேர் இன்னா?"

"கோவிந்தம்மா..."

"எந்த ஊரு?"

"பள்ளிப்பட்டு..."

"கண்ண மூடாத! நேத்து இன்னா கொழம்பு வெச்ச?"

புருஷனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பெரியவரே, உசுரு ஊசலாடிகினு கீது, கொழம்பு கேக்கறீங்க?"

"நீ வாய மூடு. யம்மா, உன்னத்தான்! இன்னா கொழம்பு?"

"காரக்கொழம்பு... முருங்கக்கா..." கண்கள் செருகின.

"முருங்கக்கா போட்டா அது காரக்கொழம்பா? உனக்கு கொழம்பே வெக்கத் தெரியல! எவன் சொல்லிக் குடுத்தான்?"

கோவிந்தம்மா கண்ணைத் திறந்து அவரை முறைத்தாள். "எங்கம்மா... அப்டித்தான் வெப்பாங்க."

"உங்கம்மாக்கும் தெரியல!"

"ஏய் கெழவா..." என்றாள்.

"ஆங், அப்டி வா!" என்றார் நைனா.

அடிவாரம் வரைக்கும் சண்டை ஓயவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அவள் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனாள். வண்டி கிளம்பியதும் நைனா கடைசிப் படியில் உட்கார்ந்தார். என் துப்பட்டாவை அவர் மடியில் போர்த்தினேன்.

"ஏன் நைனா அவங்ககூட சண்டை போட்டீங்க?"

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு சொன்னார். "மலை மேல அடிபட்டவங்கள ராணி முதுகுல கட்டி கீழ எறக்குவேன். ஒரு பகல் பூரா ஆவும். வர வழில கண்ண மூடினா போச்சு. நல்ல வார்த்தை சொன்னா தூங்கிடறாங்கம்மா. திட்டினா கோவம் வரும், முழிச்சிகினு இருப்பாங்க. பஞ்சாபிக்காரனுக்குன்னு பஞ்சாபில கெட்ட வார்த்தை கத்துகினேன்."

முப்பது வருஷமாக நான் அவருடைய பேத்தி. அன்றுதான் அவர் என்ன வேலை பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது.

கோவிந்தம்மா பிழைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் பஸ் ஏறி வந்து, ஊரில் விசாரித்து, தூக்குச்சட்டியோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். "முருங்கக்கா போட்டுத்தான் எடுத்தாந்தேன். துன்னு பாத்துட்டு சொல்லு நைனா." அவர் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்றார். அதற்கு அவள் சொன்ன பதில் அச்சில் போடும்படி இல்லை. நைனா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

கடைசி வருஷம் நடை குறைந்து, பகலில் ஜன்னலோரம் நாற்காலியிலேயே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டேன்.

"எத்தினி பேரை எறக்கினீங்க நைனா?"

"பதினோரு பேரு. ஏழு பேரு பொழச்சாங்க."

"மிச்ச நாலு பேரு?"

"அவங்களும் என்கூட சண்டை போட்டுகினேதான் வந்தாங்க" என்று சொல்லி அடுத்த கையை நீட்டினார்.

அவர் போனது போன மாதம், ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நான் சென்னையிலிருந்து ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் வாசலில் பந்தல் போட்டு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா வந்து என் தலையைத் தடவினார். "கல்யாண சாவும்மா இது. தொண்ணூத்தி மூணு வயசு. படுக்கைல கெடக்கல, யாருக்கும் பாரம் இல்ல. அழுவக்கூடாது."

அவர் சொன்னதெல்லாம் சரிதான். எனக்குத்தான் தொண்ணூற்று மூன்று போதவில்லை.