ஒஸ்தியாவின் அருள்கோழிகள்

ரோமாபுரிக்குப் பக்கத்து ஒஸ்தியா துறைமுகத்தில் அறிவாளிகள் நான்கு பேர். நான்கும் கோழிகள்.

கல்யாணமா, வழக்கா, பல் பிடுங்க வேண்டுமா, அவற்றைத்தான் கேட்போம். பூசாரி ஹெரென்னியஸ் கூண்டைத் திறந்து மாவு உருண்டை போடுவார். கோழிகள் அலகிலிருந்து சிந்தச் சிந்தத் தின்றால் தேவர்கள் சம்மதம். சீண்டாவிட்டால் கோபம். ஊரே வரிசையில் நின்றது. நானும் நின்றேன், பச்சைப் போர்வை வாங்கலாமா என்று கேட்க.

எனக்கு முன்னால் ஒரு கப்பல்காரர். புயலுக்குப் பயந்து எல்லோரும் கடலை விட்டுவிடும் மாதத்தில் அவருக்கு மட்டும் அவசரம். மாலுமிகள் மறுத்தார்கள். கோழி சொன்னால் போகிறோம் என்றார்கள். அவர்களில் ஒருவன் விபியஸ், என் அக்கா தெர்துல்லாவின் கணவன். அக்காவுக்கு எட்டு மாதம்.

"கப்பல் போகலாமா?" என்றார் கப்பல்காரர்.

கோழிகள் பாய்ந்தன. மாவு தெறித்தது.

"பாத்தீங்களா! தேவர்களே வழியனுப்புறாங்க," என்றார் பூசாரி.

விபியஸ் மூட்டையைத் தூக்கினான். நான் பக்தியில் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு நன்றாக வரும் வேலை அதுதான்.

பக்கத்தில் நின்ற அக்கா என் விலாவில் இடித்தாள். "உன் முறைய எனக்குக் குடுடி."

"போர்வை..."

"போர்வை கெடக்கட்டும்!"

கொடுத்தேன். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, கோழியிடம்கூட.

"ஐயா, என் கேள்வி இது. கப்பல் கரையிலயே கெடக்கலாமா?"

பூசாரி கூண்டை மூடப் போனார். "ஒரே விஷயத்த ரெண்டு தடவ கேக்கக் கூடாதும்மா."

"இது வேற கேள்வி. தேவர்களுக்குத் தெரியாதா?"

"போடுங்க சாமி, புள்ளத்தாச்சி கேக்குறா!" என்று மீன்காரி ஒருத்தி கத்தினாள்.

போட்டார். கோழிகள் முன்னைவிட வேகமாகப் பாய்ந்தன.

"அப்ப போகணுமா, வேணாமா?" என்றான் ஒரு மாலுமி.

அக்கா ஒரு கோழியைத் தூக்கி நெஞ்சைத் தடவினாள். "எலும்பு கையக் குத்துது. எத்தன நாளாய்யா பட்டினி போட்ட? வேணாம்னு சொல்லணும்னா காலையிலயே வயிறு முட்டப் போட்டுடுவியோ?"

கப்பல்காரர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி தரையைப் பார்த்தார். விபியஸ் மூட்டையை இறக்கி வைத்தான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

கோழிக்குப் பசி, தின்றது. இதைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எனக்கு மூன்று வருடமும் பதினோரு கேள்விகளும் போதவில்லை.

உங்களுக்கு எத்தனை வேண்டும்?