மச்சானுக்கு நான் அனுப்பிய கேள்விக்குறிகள்

விஜயநகர் மூன்றாவது ஸ்டேஜ்,
மைசூரு.
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் திரு. அய்யாசாமி அவர்களுக்கு,

ரத்தினசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பாக்கியலட்சுமியும் மகள் அனுப்ரியாவும் சௌக்கியம். கௌதள்ளியில் நீங்களும் தேவம்மா அக்காவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்; இல்லையென்றால் இந்நேரம் உங்கள் தங்கை என்னைக் கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றியிருப்பாள். ஆறு வருடமாக நாம் பேசாவிட்டாலும் கடிதத்துக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. அதை முதல் பத்தியிலேயே கொடுத்து முடித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அனுப்ரியாவுக்கு வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் அழைத்து வந்தால்தான் மணவறைக்கு வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அண்ணனை முறையாக அழைக்காமல் பத்திரிகையே அச்சுக்குப் போகக் கூடாது என்று உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். முறை என்றால் நான் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்க வேண்டும். எப்படி நிற்பேன்? எங்கள் கிரகப்பிரவேச வீடியோ மொத்தம் நாற்பத்துமூன்று நிமிடம். வீடு கட்டிய நான் அதில் நான்கு நிமிடம் வருகிறேன். நீங்கள் முப்பத்தொரு நிமிடம் வருகிறீர்கள். பால் பொங்குகிற இடத்தில் பால் தெரியவில்லை. உங்கள் முழங்கை தெரிகிறது. அதற்கு முன் மாதேஸ்வரன் மலைக்குப் போனபோது ஜன்னல் சீட்டில் யார் உட்கார்ந்து வந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வாசலில் நிற்காமல் அழைக்க என்ன வழி என்று யோசித்தேன். உங்கள் ஈமெயில் முகவரியைப் பாக்கியலட்சுமியிடம் கேட்டேன்; கொடுத்தாள். ஆனால் சாதாரணமாக அனுப்பினால் மேலே என் போட்டோ வரும், நானே இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். அதுவே கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் கட்டளையை டைப் செய்து, எங்கோ இருக்கிற ஒரு கிளவுட் கம்பெனியின் இயந்திரம் வழியாக அனுப்பினால் அழைப்பு வந்து சேரும், அழைத்தது நான் என்று ஆகாது. தவிர, என்னைத் தள்ளிவிட்டு எங்கள் லேஅவுட் சங்கத்துக்குச் செயலாளரான மஞ்சுநாத், "நிமகெ கம்ப்யூட்டர் எல்லா ஆகல்ல, பிட்பிடி ஸார்" என்று, எனக்கு இதெல்லாம் வராது என்பதைப் பத்துப் பேர் முன்னால் சொன்ன கணக்கும் தீர்க்கப் பாக்கி இருக்கிறது.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளிடம் உதவி கேட்டேன். "யாக்கே பா, எதுக்கு இதெல்லாம்? வாட்ஸப்ல ரெண்டு வரி போட்டா முடிஞ்சுது" என்றாள்.

"உங்கம்மா வீட்டு குரூப்பை விட்டு நான் வெளியேறியது உனக்குத் தெரியுமல்லவா?"

"தெரியும்பா. நீ வெளிய போனதை யாருமே கவனிக்கல. அதுக்குத்தானே மறுபடி கோவிச்சுகிட்டே!"

ஆகவே நானே கற்றுக்கொண்டேன். அந்தக் கருப்புத் திரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது மச்சான். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் சொல்வதை எழுத்துக்கு எழுத்து கவனித்த ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் இப்படி ஒரு கட்டளை கிடையாது என்று பதில் வருகிறது. இந்த வீட்டில் அந்தப் பதிலும் கிடையாது, எழுந்து போய்விடுவார்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். புதிதாகச் சேர்ந்தவனை அந்தச் சேவை நம்பாதாம். இவனிடமிருந்து கடிதம் வாங்கச் சம்மதமா என்று, வாங்குகிறவரை முதலில் அதுவே கேட்கும். அவர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஓர் இணைப்பை அழுத்தினால்தான் நான் எழுத முடியும். உங்கள் வீட்டில் பெண் எடுத்தவன் நான். எனக்காக ஓர் இயந்திரம் வந்து உங்களிடம் அனுமதி கேட்டிருக்கிறது, நீங்கள் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. கெடு முடிந்தது. மறுபடி கேட்க வைத்தேன். மறுபடி மௌனம். இப்படி நான்கு முறை. பாக்கியலட்சுமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "எங்கண்ணன் எதுக்குங் மிசினுக்கெல்லாம் பதில் சொல்லோணும்? ஆளு போனா வாங்கன்னு சொல்லப்போறாங்க" என்றாள். அண்ணனை விட்டுக்கொடுப்பாளா?

சம்மதம் கேட்காமலே அனுப்பும் உரிமைக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ஒரு கேள்வி: உங்கள் கடிதம் வேண்டாம் என்பவர்களை எப்படி நடத்துவீர்கள்? நான் பொய் சொல்லிப் பழகாதவன். "மறக்க மாட்டேன்" என்று எழுதினேன். தெளிவுக்காகக் கிரகப்பிரவேசத்தையும் மலைப் பயணத்தையும் சேர்த்துப் பதினொரு பத்தி எழுதினேன். மறுநாளே நிராகரித்துவிட்டார்கள். காரணம் சொல்ல இயலாதாம்!

போன வியாழக்கிழமை காலை பாக்கியலட்சுமி உப்புமாத் தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இன்னொருக்கா கேட்டுப் பாருங், பாவம்" என்றாள். ஐந்தாவது முறையாகக் கேட்டேன். மூன்றே நிமிடத்தில் உங்கள் சம்மதம் வந்தது! உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த நிமிடமே போய்விட்டது மச்சான். கண் கலங்கியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். உப்புமாவில் வெங்காயம் இல்லை.

உடனே அனுப்பினேன். போகவில்லை. உங்கள் சம்மதத்தை அந்தச் சேவையின் மும்பைக் கிளையில் பதிந்துவிட்டு, கவனக்குறைவாகச் சிங்கப்பூர்க் கிளை வழியாக அனுப்பியிருக்கிறேன். சிங்கப்பூருக்கு உங்களைத் தெரியாதாம். கொள்ளேகாலுக்கு இந்தப் பக்கம் உங்களை யாருக்குத்தான் தெரியும்? திருத்தி, மும்பை வழியாகவே அனுப்பினேன். போய்விட்டது. அரை மணி நேரத்தில் பாக்கியலட்சுமி வந்தாள். "ஏனுங், அண்ணனுக்குப் போன லெட்டர்ல ஒரே கேள்விக்குறியாமா. மாப்ளைக்கு எம்மேல இத்தன சந்தேகமான்னு கேக்கறாங்."

பிறகுதான் புரிந்தது. என் கருப்புத் திரைக்குத் தமிழ் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக மாறிவிட்டிருக்கிறது. மொத்தம் நானூற்றுப் பதினெட்டு. அவற்றில் என்ன இருந்தது தெரியுமா? ஆறு வருடத்தில் உங்களைப் பற்றி நான் எழுதிய ஒரே நல்ல வாக்கியம் இருந்தது. போச்சு. அதைத் திரும்ப எழுத மாட்டேன்.

அதோடு விட்டீர்களா? மறுநாள் அந்தச் சேவையிடமிருந்து எனக்கு ஒரு கடிதம். நீங்கள் என் மேல் புகார் கொடுத்திருக்கிறீர்களாம், அதனால் உங்கள் முகவரி தடைப் பட்டியலில் ஏறிவிட்டதாம், இனி நான் என்ன அனுப்பினாலும் உங்களுக்கு வராதாம். நான் ஆறு வருடம் பாடுபட்டு வளர்த்த விரோதத்தை அது ஒரே ராத்திரியில், தேதியும் நேரமும் போட்டு, ஒழுங்காகப் பதிந்து வைத்திருக்கிறது. நம் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டிய இயந்திரம்.

ஆகவே முடிவாகத் தெரிவிப்பது: சனிக்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது. தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய வரியை வெறுமையாக விடச் சொல்லிவிட்டேன். அந்த வெறுமைக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது. அனுப்ரியா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அதற்கும் நீங்களே பொறுப்பு. உங்கள் வாசலில் நான் வந்து நிற்பேன் என்று கனவிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

தேவம்மா அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு இரண்டும் இல்லை; உடம்பை மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத,
ரத்தினசாமி

பின்குறிப்பு: உறையில் எழுத உங்கள் ஊர்ப் பின்கோடு கேட்டேன். பாக்கியலட்சுமி அடுப்படியிலிருந்தே, "எம்போன்ல இருக்குது, பாத்துக்கங்" என்றாள். போனைத் திறந்தால் உங்கள் பெயரில் ஒரு ஈமெயில் பெட்டி. உள்ளே ஐந்து சம்மதக் கோரிக்கைகள், அப்புறம் என்னுடைய நானூற்றுப் பதினெட்டு கேள்விக்குறிகள்.

"எங்கண்ணங்கிட்ட இருக்கறது பட்டன் போனுங். தோட்டத்துப் பேப்பரு ஆன்லைன்ல எடுக்கறதுக்கு நாந்தான் இந்த ஈமெயிலைத் தொறந்து வெச்சேன். இப்புடி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்கு நெனப்பிருக்காது" என்றாள்.

"அப்புறம் நாலு நாளா ஏன் அழுத்தாம இருந்தே?"

"நேர்ல போவீங்கன்னு பாத்தேன்."

"அழுத்தினது?"

"மூஞ்சியப் பாக்கச் சகிக்கலீங்."

"புகார்?"

"அப்பறமும் போகலீங்களே!"

ஆகவே மௌனம், சம்மதம், புகார் ஆகியவை குறித்து மேலே எழுதிய எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. முழங்கை மட்டும் பொருந்தும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் மூன்று பேரும் வருகிறோம். தட்டு தயார். வெற்றிலையை உங்கள் தங்கை நேற்றே தேவராஜ மார்க்கெட்டில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். ஒன்பது பக்கம் கையால் எழுதியதை வீணாக்க மனம் வராததால் இந்தக் கடிதமும் வெற்றிலைக்கு அடியில் இருக்கும். இந்தப் பின்குறிப்பை மட்டும் உங்கள் தங்கை இன்றே போனில் படித்துச் சொல்லிவிடுவாள்; மற்றதை நாங்கள் கிளம்பிய பிறகு படிக்கவும். கேள்விக்குறிகளில் இருந்ததை வாயாலேயே சொல்லிவிடுகிறேன். நான் தட்டு கொடுப்பதை அனுப்ரியா வீடியோ எடுக்கிறாளாம். தயவுசெய்து முழங்கையை மடக்கி வைத்துக்கொள்ளவும்.