குப்பை கேட்டு ஒரு ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமான அண்ணிக்கு உங்கள் நாத்தனார் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது,

நலம் விசாரிக்கும் முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் வராது. போன வியாழக்கிழமை ஆலயத்தில் யாரும் இல்லை என்று நினைத்து, துடைப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு, "ஆண்டவரே, கொஞ்சம் குப்பை அனுப்பும்" என்று ஜெபித்தேன். பத்தொன்பது வருடமாக அதே ஆலயத்தைக் கூட்டுகிறவள் கேட்கிற காரியமா இது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஜெபம் கேட்கப்பட்டது.

இனி நலம். பேத்தி பிறந்ததில் சந்தோஷம். மூக்கு எங்கள் அண்ணன் மூக்காமே, வளர வளரச் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள். அண்ணன் தானே டீ போட்டுக் குடிக்கிறார், தானே பாராட்டிக்கொள்கிறார்.

மகள் பிரசவத்துக்குப் புறப்படும்போது உங்கள் ஞாயிறு பள்ளி வகுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே, நினைவிருக்கிறதா? "தாழ்மையா மத்தவங்களுக்கு ஊழியம் செய்யறதைப் பத்தி ஆறு வாரப் பாடம், உனக்குத் தெரியாததா?" என்றீர்கள். பாராட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டேன். எனக்குப் புத்தகம் பார்த்துச் சொல்லித்தர வராது, ஐந்தாம் வகுப்பிலேயே வாத்தியார் என்னிடம் தோற்றுப்போனார். அதனால் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவின கதையை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு, ஏழு பிள்ளைகள் கையிலும் ஆளுக்கொரு துடைப்பம் கொடுத்து, இரண்டே சட்டம் போட்டேன். செய்த ஊழியத்தை வெளியே சொல்லக்கூடாது. திட்டு வாங்கினாலும் எதிர்த்துப் பேசக்கூடாது.

முதல் வாரம் அவர்கள் கூட்டினதை நான் மறுபடி கூட்டினேன். இரண்டாவது வாரம் மூலை முடுக்கெல்லாம் பழகிவிட்டார்கள். மூன்றாவது வாரம் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு, எந்தக் காலத்திலோ யாரோ ஒட்டிவைத்த சூயிங்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். நான் பத்தொன்பது வருடமாக அந்தச் சூயிங்கத்தோடு சமாதானமாக இருந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வாரநாளிலும் வர ஆரம்பித்தார்கள். நாலாவது வாரம் போய்ப் பார்த்தால் எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டேன். அந்தக் கொட்டாவியைத்தான் சபைச் செயலாளர் பார்த்தார்.

அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஜன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்து, அந்த விரலை வெளிச்சத்தில் பார்க்கிற மனிதர். அன்று விரல் சுத்தமாக இருந்தது. போதகரைக் கூப்பிட்டு, என்னை வைத்துக்கொண்டே, "பிள்ளைங்களே இவ்வளவு அழகாப் பண்றாங்க, தனியா ஒரு ஆள் எதுக்குங்க? அம்மாவும் எத்தனை நாள்தான் குனிவாங்க, ஓய்வு குடுத்துடலாம். சனிக்கிழமை கமிட்டியில பேசி முடிச்சிடுவோம்" என்றார். ஓய்வு என்பதை அவர் சொன்ன மரியாதையில் எனக்கே நன்றி சொல்லத் தோன்றியது. போதகர் கூரையைப் பார்த்தார். கூரையும் சுத்தமாகத்தான் இருந்தது. இந்த வேலை போனால் இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? உங்கள் வீட்டில் வந்து உட்கார வேண்டியதுதான். உங்களைப் பயமுறுத்தத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் அன்றைக்கு நானும் பயந்துதான் போயிருந்தேன்.

அதற்கப்புறம்தான் அந்த ஜெபம். கண்ணைத் திறந்தால் பின்னால் வாளியோடு 'வக்கீல்' நிற்கிறாள். கேள்வி கேட்டே உங்களுக்குத் தலைவலி வரவைப்பாளே, அந்த ஒன்பது வயசுதான்.

"ஆன்ட்டி, எதுக்குக் குப்பை கேட்டீங்க?"

"பழக்கம் விட்டுப்போகக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"நாங்க கூட்டிட்டா உங்களுக்கு வேலை இருக்காதா?"

"இருக்காதுடி."

"அப்ப இது ஊழியமா? உங்க வேலையைப் புடுங்கற மாதிரி இருக்கே."

"பெரிய மனுஷி மாதிரி பேசாத. வாளியை வச்சிட்டு வீட்டுக்கு ஓடு."

ஓடினாள். எங்கே ஓடினாள் என்று அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை கமிட்டிக்காகக் கதவைத் திறந்தேன். அண்ணி, என் வாழ்நாளில் அப்படியொரு குப்பையைப் பார்த்ததில்லை. வாசலிலிருந்து பிரசங்க பீடம் வரைக்கும் சேற்றுக் கால்தடம், ஏழு அளவில். ஒரு மூட்டை காய்ந்த இலை, கிழித்த காகிதம், பென்சில் சீவல், செயலாளர் உட்காருகிற நாற்காலியைச் சுற்றி மட்டும் நல்ல ஆற்று மணல். ஆனால் பாட்டுப் புத்தகங்கள் மேல் ஒரு துணுக்கு இல்லை, பீடத்துத் துணி மேல் ஒரு பொட்டு இல்லை, கழுவினால் போகாதது எதுவுமே இல்லை. கூட்டத் தெரிந்த கையால்தான் அப்படிப் போட முடியும். நான் சொல்லிக்கொடுத்த கை.

செயலாளர் ஏழு பேரையும் பெற்றவர்களோடு வரவழைத்து வரிசையாக நிறுத்தினார். "யார் பண்ணினது? ஏன் பண்ணினீங்க?" ஒருவரும் பேசவில்லை. வக்கீல்கூட வாயைத் திறக்கவில்லை, அதைப் பார்க்க உங்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. அரைமணி நேரம் திட்டினார். "இந்த வானரங்களை நம்பியா ஆலயத்தை விடறது?" என்று அந்தந்தப் பிள்ளையின் அப்பா அம்மா முன்னாலேயே கேட்டார். ஏழு தலையும் குனிந்தே இருந்தது. பொறுக்கமாட்டாமல் நான் "ஐயா, வந்து..." என்று ஆரம்பித்தேன். கடைக்குட்டி நறுக்கென்று என் காலை மிதித்தான். காலைக் கழுவத்தான் நான் சொல்லிக்கொடுத்தேன், மிதிக்க அல்ல.

கமிட்டி பத்து நிமிடத்தில் முடிந்தது. பிள்ளைகள் இனித் துடைப்பத்தைத் தொடக்கூடாது, ஆலயத்துக்கு நிரந்தரமாக ஒரு ஆள் அவசியம், அது நான்தான். ஐந்து மணி நேரம் கூட்டினேன், இடுப்பு கழன்றுவிட்டது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது, எது தூசியால் எது மற்றதால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து வக்கீலைப் பிடித்து, "ஏன்டி இப்படிப் பண்ணினீங்க?" என்றேன். "எப்படிப் பண்ணினோம்?" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

நீங்கள் வந்ததும் இந்தப் பாடத்துக்குப் பரீட்சை வைப்பீர்கள். ஏழு பேரும் வெள்ளைத் தாளைக் கொடுத்தாலும் முழு மதிப்பெண் போடுங்கள். விஷயம் நம் இருவரையும் அந்த ஏழு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது, தெரிந்தால் பிள்ளைகள் பட்ட திட்டு வீண், என் வேலையும் வீண். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு என் அன்பு. பேத்தியின் மூக்குக்கு ஒரு முத்தம். உங்கள் எல்லோரையும் கர்த்தர் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
நிரந்தரமாக்கப்பட்ட நாத்தனார்

பின்குறிப்பு: தாளின் மூலைகளில் ஓட்டை இருக்கும், தப்பாக நினைக்காதீர்கள். கடிதத்தை ஆலயத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு உறை வாங்கப் போயிருந்தேன். துடைப்பத்தைத் தொடக்கூடாது என்பதால் பிள்ளைகள் வேறு ஊழியம் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒன்று இதை அறிவிப்பு என்று நினைத்து அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்துவிட்டது. எந்தப் பிள்ளை என்று கேட்டுப் பயனில்லை. திரும்பி வந்தபோது செயலாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கம் தலைகீழாக இருந்தது. "இதைக் கொஞ்சம் திருப்பிக் குத்தும்மா" என்றார். திருப்பிக் குத்தினேன். அதையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு அவரே கழற்றி, மடித்து என் கையில் கொடுத்தார். ஒரு குண்டூசி கீழே விழுந்து கிடந்தது. நான் குனியப் போனேன். "நீ இரும்மா" என்று அவரே குனிந்து எடுத்தார். நிமிரும்போது பலகையின் முனையில் தலையை இடித்துக்கொண்டார்.