கொடும்பாவிக்கு என் கால்சட்டை

மழை வேண்டும் என்று வானத்தைக் கும்பிட்டவர்கள் கோடிப் பேர். மழை வந்துவிடக் கூடாது என்று, அதுவும் பஞ்சம் பிடித்த ஊரின் நடுவில் நின்றுகொண்டு, மனமுருகக் கும்பிட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதற்கான தண்டனையையும் அன்றைக்கே, நனைந்தபடி, வாங்கிக்கொண்டேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் அப்போது சுதந்திர டைரக்டர். (யாரும் வேலை கொடுக்காத டைரக்டரை அப்படித்தான் மரியாதையாகச் சொல்ல வேண்டும்.) பிறந்து வளர்ந்தது ரங்கூனில். அங்கே ஒரு சினிமாக் கம்பெனியில் விளக்குப் பிடித்தேன். யுத்தத்தில் எல்லாம் போய், ஒரு பெட்டியோடு இந்தப் பக்கம் வந்து, மனைவி கமலத்தின் அண்ணன் இருந்த ஓசூரில் ஒண்டிக்கொண்டேன். சென்னை ஸ்டூடியோக்களில் என் கதையைக் கேட்ட அத்தனை பேரும் கடைசியில் ஒன்றையே கேட்டார்கள்: "அது சரி, பாட்டு எங்கே?" என் கதைகளில் பாட்டு கிடையாது. ஆகவே எனக்கு வேலையும் கிடையாது. நானே எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டேன்.

கதை, வசனம், டைரக்‌ஷன் எல்லாம் அடியேன். மழை பொய்த்த ஒரு கிராமம், கொடும்பாவி இழுக்கிறார்கள், அப்படியும் மழை வரவில்லை, ஊரே மூட்டை முடிச்சோடு வெளியேறுகிறது. அவ்வளவுதான் படம். (பட்டணத்து வாசகர்களுக்கு: மழை வராததற்கு யாரோ செய்த பாவம்தான் காரணம் என்று, அந்தப் பாவிக்கு வைக்கோலில் உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். அதுதான் கொடும்பாவி.)

சூளகிரிப் பக்கம் ஒரு கிராமம் அகப்பட்டது. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்தவன் பஞ்சத்தைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கும் தொழில்கள் உலகத்தில் இரண்டு மூன்றுதான் இருக்கும். அதில் ஒன்றில் நான் இருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மற்றதெல்லாம் எடுத்து முடிந்து, கொடும்பாவியும் கடைசிக் காட்சியும் மட்டும் பாக்கி. பெங்களூரில் இரவல் வாங்கிய காமிராவை அந்த வாரமே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏரி நனைந்தால் படம் இல்லை. படம் இல்லையென்றால் டைரக்டர் இல்லை. ஊர்க்கவுண்டர் மாரப்பனிடம் விசாரித்தேன்.

"மழை கிழை வந்துடுமா கவுண்டரே?"

"வரணுங்க சாமி. வந்தே ஆவணும்."

பாவம், ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது சித்திரை மாதம். ரங்கூனில் சித்திரையில் சொட்டு விழாது. ஓசூர்ப் பக்கம் சித்திரையில்தான் மத்தியானத்துக்கு மேல் இடி இடித்துக் கோடை மழை கொட்டும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். (நான் குழந்தைகளிடம் விசாரிக்கவில்லை.)

கொடும்பாவிக்குத் துணி வேண்டியிருந்தது. யாரும் தரவில்லை. "உசிரோட இருக்கறவங்க துணிய பாவிக்குக் கட்டுனா ஆவாதுங்க" என்றார் கவுண்டர். எனக்குப் பகுத்தறிவு பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியைத் திறந்து என் ரங்கூன் கால்சட்டையையும் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தேன். சூளகிரிக் கொடும்பாவிக்குத் தொப்பி பொருந்துமா என்று டைரக்டர் யோசித்திருக்க வேண்டும். பகுத்தறிவாளர் விடவில்லை.

அடுத்து, ஒப்பாரி வைக்க வந்த மாதம்மா.

"செத்தவன் பேரு என்னங்க சாமி?"

"ஏதாவது வச்சுக்கம்மா."

"ஏதாவதுன்னு கூப்புட்டு அழுதா கண்ணுல தண்ணி வருங்களா?"

நியாயமான கேள்வி. "சரி, என் பேரையே சொல்லு. பொன்னுரங்கம்."

உருவத்தை இழுத்தார்கள். மாதம்மா மார்பில் அறைந்துகொண்டு எடுத்தாள்:

"ரங்கூனு சீமையில பொறந்த பாவி பொன்னுரங்கா, எங்க ஏரித் தண்ணியெல்லாம் ஒத்தையாக் குடிச்சவனே..."

பெண்கள் கதறினார்கள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். எங்கள் கூட்டத்துக்குச் சமைக்க வந்திருந்த கமலம் வேலையைப் போட்டுவிட்டுக் கரண்டியோடு ஓடிவந்தாள். "இங்க குத்துக்கல்லாட்டம் மனுஷன் நிக்கறாரு. என் புருஷன் பேரைச் சொல்லி மாரடிக்கிறீங்களாடி?" மாதம்மா அழுகையை நிறுத்தாமலே, "நீயும் வந்து சேந்துக்க தாயி" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

காமிராவில் இருந்தவர் பெங்களூர் நஞ்சுண்டப்பா. பதற்றம் வந்தால் அவருக்குத் தமிழ் மறந்துவிடும். "ஸ்வாமி, மேலே நோடி" என்றார். மேலே பார்த்தேன். மேற்கே எருமைக் கூட்டம் மாதிரி மேகம்.

எல்லையில் உருவத்தைக் கொளுத்தினார்கள். என் தொப்பி தீப்பிடித்தது. முதல் சொட்டு என் மூக்கில் விழுந்தது. கதைப்படி இந்த இடத்தில் ஊரே வானத்தைப் பார்த்து ஏமாந்து நிற்க வேண்டும்.

"யாரும் சந்தோஷப்படாதீங்க!" என்று கத்தினேன். "ஏமாந்து நில்லுங்க! கவுண்டரே, மூஞ்சியத் தொங்கப் போடுங்க!"

கவுண்டர் துண்டை வீசி ஆடிக்கொண்டிருந்தார். மாதம்மா இப்போது நிஜமாகவே அழுதாள், சிரித்துக்கொண்டே. நஞ்சுண்டப்பா தன் வேட்டியை அவிழ்த்துக் காமிராவைச் சுற்றிவிட்டு, கோவணத்தோடு கன்னடத்தில் எதையோ சொன்னார். புரியாமல் போனது என் நல்ல காலம். வாயில் மழை நிறைய நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது: அந்த ஊரில் அன்றைக்கு நடித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் எனக்காகக் கொடும்பாவி இழுக்கவில்லை. எப்படியும் இழுக்கத்தான் இருந்தார்கள். காமிராவோடு ஒரு பைத்தியம் வந்து கால்சட்டையும் பேரும் கொடுத்தது, வாங்கிக்கொண்டார்கள்.

மழை விட்டபாடில்லை. ஏரியில் தவளை கத்தியது. காமிரா பெங்களூர் போனது. படமும் அதோடு போயிற்று.

கிளம்பும்போது கவுண்டர் ராகி மூட்டை ஒன்றை வண்டியில் ஏற்றிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சாமி. உங்க பாவந்தான் இத்தன நாளா மழையப் புடிச்சு வெச்சிருந்திருக்குது. ஊருக்குள்ள பேசிக்கறாங்க."

"நான் இந்த ஊருக்கு வந்தே ஒரு மாசம்தானே ஆகுது கவுண்டரே? மழை நின்னு ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே?"

அவர் யோசித்தார். "பாவம் உங்களுக்கு முன்னாலயே கெளம்பி வந்திருக்குமுங்க."

கமலம் வழியெல்லாம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரங்கூனில் நான் தமிழன், சென்னையில் ரங்கூன்காரன், ஓசூரில் கமலத்தின் புருஷன். அந்தக் கிராமத்தில் அன்றிலிருந்து எனக்குப் பேர் 'நம்ம பாவி'. அந்த 'நம்ம' எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

பிறகு சில படங்கள் எடுத்தேன். எடுத்த எனக்கே அவை அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. ஆனால் மழை தவறும் வருஷமெல்லாம் அந்த ஊரிலிருந்து யாராவது பஸ் ஏறி ஓசூர் வந்து, கமலத்திடம் பணிவாக என் பழைய துணி ஒன்று கேட்பார்கள். போன தடவை கவுண்டரின் மகன் வந்தான். கமலம் ஒரு வேட்டியை எடுத்து நீட்டினாள்.

"வேட்டி வேணாங்கம்மா" என்றான் சங்கடத்தோடு. "போன வாட்டி வேட்டி கட்டித்தான் இழுத்தோம். தூறலோட நின்னுபோச்சு."

இப்போது நான் கால்சட்டை போடுவதே இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒன்று தைக்கக் கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைக்கிறாள் கமலம். அளவெடுக்கும் தையல்காரரிடம், "கொஞ்சம் லூசா விடுங்க, வைக்கோல் திணிக்கணும்" என்கிறாள்.