என் மடியில் வந்து நின்ற ஆறுமணிக்குருவி

யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் ஒரே சொல்லால் அடக்கி வைத்திருந்தவர் ஒருவர்தான். வழக்குப் பேசும் பிறக்கிராசியாக இருக்கட்டும், ஊரை ஆளும் மணியகாரராக இருக்கட்டும், அவருடைய ஸ்டூடியோக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டால் கமராவுக்குப் பின்னாலிருந்து அதட்டல் வரும்: “அசையாதை!” வயது, பதவி ஒன்றும் பார்க்கமாட்டார். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அசையாதை அண்ணை. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவார்.

அவர் சொல் கேட்காத ஒரே சீவன் ஆறுமணிக்குருவி. ஐப்பசி மழையோடு வந்து சித்திரையில் போய்விடுகிற குருவி அது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூப்பிடும். பச்சை முதுகு, நீலச் சிறகு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் அப்பிய மை. இவ்வளவையும் செய்து முடித்த களைப்பில் பிரமன் வாலை அரைகுறையாக விட்டுவிட்டான். அரசாங்கக் கச்சேரிக்குப் பக்கத்துப் பூங்காவில், ஆலமரத்தடிப் பற்றைப் புதருக்குள் வருஷாவருஷம் வந்து இறங்கும். அதை ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அண்ணை ஏழு வருஷமாகத் தவம் கிடந்தார்.

தவம் பலிக்கவில்லை. அந்த மர நிழலில் அவருடைய கண்ணாடிப் பிளேட்டில் உருவம் விழ வேண்டுமானால், எதிரே இருப்பவர் மூன்று எண்ணும்வரை ஆடாமல் இருக்க வேண்டும். குருவியோ ஒன்று எண்ணுமுன் இரண்டு தத்துத் தத்தி, சருகைப் புரட்டி, அந்த அரை வாலையும் ஆட்டிக் காட்டிவிட்டு மறைந்துவிடும்.

நான் கச்சேரியில் கிளாக்கர். கந்தோர் விட்டதும் போய் அவர் பக்கத்தில் குந்திவிடுவேன். புலுனிக் குருவிகள் குழாயடிச் சண்டை போடுவதையும், செண்பகப் பறவை உறுதி எழுதும் நொத்தாரிசு மாதிரி கனமாக நடந்து போவதையும் பார்த்திருந்தால் மேலதிகாரியின் முகம் மறந்துபோகும்.

“அண்ணை, படத்திலை உந்த நிறமெல்லாம் வராதே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நிறம் எனக்குத் தெரியும் தம்பி. சித்திரையிலை உது போனால், ஐப்பசி வரைக்கும் நான் என்னத்தைப் பாக்கிறது?”

குருவி வந்துவிட்டால் ஸ்டூடியோவுக்குப் பூட்டு. ஒருமுறை, தாலி கட்டிய கையோடு படமெடுக்க வந்த மாப்பிள்ளையும் பெண்ணும் சுற்றத்தோடு அவரைத் தேடிப் பூங்காவுக்கே வந்துவிட்டார்கள். பட்டு வேட்டிகள் சரசரத்தன. கமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, “அசையாதை!” நாதஸ்வரக்காரர் உட்படக் கலியாணக் கூட்டம் முழுவதும் கால்மணி நேரம் அப்படியே நின்றது. பெண் சிரித்த முகம் மாறாமல் நின்றாள். பிறகுதான் கண்டார்கள், கமரா பற்றையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழாவது வருஷ ஐப்பசியில் எனக்கு மலாயாவில் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் தகப்பன் அங்கே ரயில் பகுதியில் வேலை. பெண் ஏழு வயதில் புத்தூரிலிருந்து கப்பலேறியவள். என் படத்தை அனுப்ப வேண்டும். ஒரு சனிக்கிழமை, இரவல் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தேன். “அசையாதை!” எடுத்து முடிந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே மழை விட்டு வெயில் எறித்தது.

“வெளிச்சம் வந்திட்டுது! தம்பி, முக்காலியைத் தூக்கும்!”

மாப்பிள்ளைக் கோலத்தோடு கமரா முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். ஈர மண்ணில் குருவி ஒரு மண்புழுவைப் பிடித்திருந்தது. புழுவின் மற்றப் பாதி மண்ணுக்குள். குருவி காலை ஊன்றி இழுத்தபடி நின்றது. நின்றேவிட்டது! அண்ணை மெல்ல, கெஞ்சுகிற குரலில் சொன்னார்: “கொஞ்சம் அசையாதேங்கோ.”

மணியகாரருக்குக் கிடைக்காத மரியாதை! மூன்று எண்ணினார். படம் விழுந்தது. அண்ணை ஆலம்வேரில் உட்கார்ந்து சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டாம் நாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செத்தவீட்டுக்குப் போய்வந்த முகம்.

“என்ன வேலை பாத்துப்போட்டீர் தம்பி!”

“நானோ அண்ணை?”

“நீர்தான்! என்ரை குருவிக்குப் பின்னாலை வந்து குந்திக்கொண்டிருக்கிறீர்!”

படத்தை நீட்டினார். ஓடின ஓட்டத்தில், என்னை எடுத்த பிளேட்டையே திரும்பவும் கமராவில் போட்டிருக்கிறார். என் தலைப்பாகையில் ஆலஞ்சருகு. கறுப்புக் கோட்டின் மேல், மடியில், பளிச்சென்று குருவி. என் முழங்காலிலிருந்து புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணை படத்துக்கு வர்ணமும் தீட்டியிருந்தார், குருவிக்கு மட்டும்.

“எனக்கு நிறம் தீட்டேல்லையோ?”

“உம்மிலை தீட்ட என்ன கிடக்கு?”

“நாளைக்குக் கப்பல் தபால் அண்ணை. வேறை ஒண்டு எடுங்கோ.”

“உம்மை எப்பவும் எடுக்கலாம். குருவியை?” என்று கண் கலங்கியவர், படத்தை என் கையில் விட்டுவிட்டுப் பூங்காப் பக்கம் நடந்துவிட்டார்.

அம்மாதான் தீர்ப்புச் சொன்னா. “உதையே அனுப்பு மோனை. மடியிலை குருவி நிண்டாலும் ஆடாத பிள்ளை எண்டு விளங்கும்.”

இரண்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்தைப் பார்த்ததிலிருந்து மகள் அழுகிறாள் என்றும், அந்தக் குருவி இன்னும் அங்கே கூப்பிடுகிறதா என்று கேட்கச் சொன்னாள் என்றும் தகப்பன் எழுதியிருந்தார். பூங்காவுக்குப் போய் அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கமராக் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

“ஓம், கூப்பிடுது எண்டு எழுதும். கெதியா வரச்சொல்லும், சித்திரையிலை போயிடும்.”

அவள் மாசியில் வந்து இறங்கினாள். கலியாணம் முடிந்த மறுநாளே பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். குருவி கூப்பிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணை அவளை மட்டும் அதட்டவில்லை.

“இனி ஒருக்கால், உவர் இல்லாமல் எடுக்கவேணும் பிள்ளை,” என்று அவளிடம் என்னைப் பற்றி முறைப்பாடு வைத்தார்.

அந்த ஒருக்கால் வரவேயில்லை. உலக யுத்தம் வந்தது. கப்பல் நின்றது, பிளேட் வருவதும் நின்றது. அண்ணை மட்டும் ஐப்பசி தவறாமல் வெறும் கமராவைத் தூக்கிவந்து துணிக்குள் தலையை விட்டார்.

“பிளேட் இல்லாமல் என்ன செய்யிறியள் அண்ணை?”

“பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“உதுக்குள்ளாலை தலைகீழாயெல்லோ தெரியும்?”

“எப்பிடித் தெரிஞ்சாலென்ன, வந்திருக்கெல்லோ.”

யுத்தம் முடிவதற்கு முந்திய ஆவணியில் அண்ணை போய்விட்டார். ஐப்பசியில் குருவி வந்தது. எனக்கு அதன்மேல் கோபம்கூட வந்தது.

இப்போது எங்கள் வேலியோரத்திலும் ஒன்று வந்து கூப்பிடுகிறது. சத்தம் கேட்டதும் மனைவி கையிலிருக்கும் தேத்தண்ணியோடு அப்படியே நின்றுவிடுவாள். நானும் அசையமாட்டேன். நிற்குமுன், குருவிக்குப் பின்னால் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறேன். அந்த ஒரு படமாவது அண்ணைக்கு நான் இல்லாமல் விழட்டும்.